புதிய ஆல்பத்தின் சிறந்த பாடலையும் சோடைபோன பாடலையும் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பாட்டு ஆல்பத்துக்குப் பொருந்தாது. வானொலியில் அடிக்கடி ஒலிக்கும் ஒரே பாட்டை வைத்து மொத்த ஆல்பத்துக்கும் தீர்ப்புச் சொல்லிவிடும் பழக்கம் கோலாலம்பூரில் நம்மிடையே நிறைய இருக்கிறது. முறையாகக் கேட்டு விமர்சனம் எழுதப் பழகுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயிற்சிக்கு, 2021 நவம்பரில் வெளிவந்த, பிரிட்டிஷ் பாடகி அடேலின் ‘30’ ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 12 பாடல்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குக் கம்யூட்டர் ரயிலில் வருகிறவர்கள் ஒரே பயணத்தில் ஏறக்குறைய முழுவதையும் கேட்டுவிடலாம்.

முதல் படி: பாடல்களைக் கலைத்துப்போடும் ஷஃபிள் வசதியை அணைத்துவிடுங்கள். இதே ஆல்பம் வெளிவந்தபோது அடேல் கேட்டுக்கொண்டதால்தான், ஆல்பங்கள் தாமாகவே ஷஃபிளில் ஓடும் ஏற்பாட்டைப் பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபை மாற்றியது. மணவாழ்க்கை முறிந்த பிறகு ஒரு பெண் தன்னை மீட்டெடுக்கும் கதை இது. வரிசை குலைந்தால் கதையும் குலைந்துவிடும். முதல் முறை எதையும் குறித்துக்கொள்ள வேண்டாம், கேட்டால் போதும்.

இரண்டாம் படி: மறுமுறை கேட்கும்போது ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு வரி எழுதுங்கள். பிடித்ததா இல்லையா என்பதை எழுதாதீர்கள். அந்தப் பாட்டு அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று எழுதுங்கள். மூன்றாவதாக வரும் ‘மை லிட்டில் லவ்’ பாடலின் நடுவே, அடேல் தன் மகனோடு பேசிய பேச்சே பதிவாக ஒலிக்கிறது. கதையின் வலி யாரைத் தொடுகிறது என்பது அங்கேதான் நமக்குத் தெரிகிறது.

மூன்றாம் படிதான் முக்கியம். வாத்தியங்களை எல்லாம் எடுத்துவிட்டாலும் நிற்கக்கூடிய பாட்டு எது என்று கேளுங்கள். பதினோராவது பாடலான ‘டு பி லவ்ட்’ அப்படிப்பட்டது. ஒரு பியானோ, ஒரு குரல், ஆறு நிமிடங்களுக்கும் மேல். தாளம் துணைக்கு வருவதில்லை. கடைசிப் பகுதியில் குரல் உச்சத்துக்கு ஏறும்போது அதன் ஓரங்கள் கரகரக்கின்றன. அந்தக் கரகரப்பை மறைக்கவில்லை. என் கணக்கில் ஆல்பத்தின் தலைசிறந்த பாட்டு இதுதான். முதலில் வெளியாகி உலகமெங்கும் ஓடிய ‘ஈஸி ஆன் மீ’ நல்ல பாட்டுதான், ஆனால் இதன் பக்கத்தில் நிற்காது.

நான்காம் படி: பலவீனமான பாட்டைத் தேடுங்கள். மெதுவான பாட்டு பலவீனமான பாட்டு ஆகிவிடாது. எந்த இடத்தில் சறுக்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். ஆறாவது பாடல் ‘கேன் ஐ கெட் இட்’ கிதாரோடு நன்றாகத்தான் தொடங்குகிறது. பல்லவி வரவேண்டிய இடத்தில் விசில் வருகிறது. அதுவரை அடேலுக்கு மட்டுமே சொந்தமாக இருந்த பாட்டு, அந்த நொடியில் யார் பாடினாலும் பொருந்தக்கூடியதாக மாறிவிடுகிறது. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதைவிட இப்படி எழுதுவதே வாசகருக்கு உதவும். அவர் அந்த இடத்தைப் போட்டுக் கேட்டு, உங்களை மறுத்துப் பேசவும் முடியும்.

இனி நம் வீட்டுப் பக்கம் வாருங்கள். உள்ளூர்க் கலைஞர் ஆல்பம் வெளியிட்டால் ‘வாழ்த்துகள்’, ‘அருமை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பல மாதம் உழைத்தவருக்கு எந்தப் பாட்டு எடுபட்டது, எது எடுபடவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

ஆகவே அடுத்த பயிற்சியாக நம் மலேசியத் தமிழ் ராப் கலைஞர்களான யோகி பி, நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ ஆல்பத்தை எடுங்கள். 2006இல் வந்தது. பலருக்கும் அதில் நினைவிருப்பது, இளையராஜாவின் பழைய பாட்டின் மேல் கட்டிய ‘மடை திறந்து’ மட்டும்தான். அதை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றப் பாடல்களை வரிசையாகக் கேளுங்கள். ராப் என்பதால், வாத்தியங்களை எடுத்துவிட்டுப் பார்க்கும் மூன்றாம் படிச் சோதனை இங்கே செல்லாது. சொற்கள் தாளத்தின் மேல் எப்படி விழுகின்றன, மூச்சு எங்கே வாங்குகிறார்கள் என்று கவனியுங்கள். எழுதியதை உடனே வெளியிடாமல் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். சிறந்ததாக நீங்கள் குறித்த பாட்டு மாறியிருந்தால், ஏன் மாறியது என்பதையும் விமர்சனத்தில் சேர்த்துவிடுங்கள்.