குழந்தைக்குப் புத்தகம் வாங்கும்முன் ஐந்து விரல் சோதனை

புத்தகத்தின் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து, பிள்ளையையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தடுக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரல் மடக்கட்டும். இரண்டு, மூன்று விரல் என்றால் தாராளமாக வாங்கலாம். ஒரே பக்கத்தில் ஐந்தும் மடங்கிவிட்டால் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்.

முதல் பக்கத்தில் சோதிக்காதீர்கள். எழுதுபவர்கள் அதை மட்டும் பார்த்துப் பார்த்து எளிமையாக்கியிருப்பார்கள், நடை கனமாவது உள்ளே போனபிறகுதான். தமிழில் பிள்ளைகள் திணறுவது பெரும்பாலும் அருஞ்சொல்லால் அல்ல. ‘பறித்துக்கொண்டோடியபோதெல்லாம்’ என்று சேர்த்து அச்சிட்ட நீளச் சொல்லால். ‘பறித்துக்கொண்டு ஓடியபோதெல்லாம்’ என்று பிரித்து அச்சிட்டிருந்தால் அதே குழந்தை சரளமாகப் படித்துவிடும். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு புத்தகத்தில் போட்டிருக்கும் வயது வரம்பை நம்பாமல் இந்தச் சோதனையை நம்புங்கள்.

பெரியவர்களுக்கான நூலில் பார்க்க வேண்டியது தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் வரும் பதிப்பு விவரப் பக்கம். புது அட்டை போட்ட பழைய நூலா என்பது ‘முதல் பதிப்பு’ வருடத்தில் தெரியும். மொழிபெயர்ப்பு என்றால் மூலத் தலைப்பும் மொழிபெயர்த்தவர் பெயரும் இருக்கிறதா பாருங்கள்.

சென்னை வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்கள் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். 10 சதவீதத் தள்ளுபடியில் அள்ளி வந்ததை மாற்றுவதற்காக இன்னொரு நாள் அலைவது கஷ்டம்.

படப்புத்தகம், பாட்டு, நாம் படித்துக் காட்டப்போகும் கதை இவற்றுக்கு விரல் கணக்கு பொருந்தாது.