காப்பி குடிச்சாச்சா பாட்டா? நியூக்ளியர் மெடிசின் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் பக்கம் ஆஸ்பத்திரி வேலைக்கு பஸ் ஏறும் பிள்ளைகள் எங்கள் ஊரில் நிறைய. அதில் ஒன்றிரண்டு பேர், கதிர்வீசும் மருந்தை உடம்பில் ஏற்றிப் படம் எடுக்கும் நியூக்ளியர் மெடிசின் பிரிவுக்கு வருகிறார்கள். அந்தக் கதிரைப் படம் பிடிக்கும் காமா கேமராவை ஓட்டப் பழகிவிட்டால் வேலை தெரிந்துவிட்டது என்று நினைப்பதுதான் அவர்கள் செய்யும் முதல் தவறு. கேமராவை யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். நோயாளியிடம் கேட்கத் தெரிவதுதான் கஷ்டம்.

எக்ஸ்ரே அறையில் பட்டனிலிருந்து கையை எடுத்தால் கதிர்வீச்சு நின்றுவிடும். இங்கே ஊசி போட்டதும் நோயாளியின் உடம்பிலிருந்தே கதிர் வருகிறது. அதை அணைக்க ஸ்விட்ச் கிடையாது. ஆனாலும் ஊசியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து விவரம் கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டியதை எல்லாம் ஊசிக்கு முன்பே கேளுங்கள். கர்ப்பமா, பால் கொடுக்கிறாரா என்பதை மாமியாரை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கேளுங்கள். ஈய ஏப்ரன் போட்டிருக்கிறோமே என்ற தைரியமும் வேண்டாம். பெரும்பாலும் புற்றுநோயைத் தேட எடுக்கும் பெட் ஸ்கேனின் வலுவான காமா கதிரை (511 கேஇவி) அது பெரிதாகத் தடுக்காது. தள்ளி நிற்பதுதான் காப்பு.

எப்படிக் கேட்பது என்பதில் நானே வழுக்கி விழுந்திருக்கிறேன். பெட் ஸ்கேனுக்கு வந்த பெரியவரிடம் “சாப்பிட்டீங்களா?” என்றேன். “இல்ல மக்களே” என்றார். ரத்தச் சர்க்கரை 130தான், 200-க்குள் இருக்கிறதே என்று எஃப்டிஜி (சர்க்கரை போன்ற கதிர்மருந்து) ஊசி போட்டாயிற்று. படத்தில் தொடையும் தோளும் தசை தசையாக ஒளிர்ந்தன. அப்புறம் விசாரித்தால், விடியற்காலை புட்டும் பயறும் ஏத்தம்பழமும் ஆகியிருக்கிறது. எங்கள் பக்கம் சாப்பாடு என்றால் சோறு. காலைப் பலகாரத்துக்குப் பெயர் ‘காப்பி’. அவர் பொய் சொல்லவில்லை. சாப்பிட்டதும் சுரந்த இன்சுலின், எஃப்டிஜியைத் தசைக்குள் தள்ளிவிட்டது. அன்றைய மருந்தும் போச்சு, அவர் பட்டினி கிடந்து மறுபடி வர வேண்டியதும் ஆச்சு. அன்றிலிருந்து என் கேள்வி: “பாட்டா, காப்பி குடிச்சாச்சா? பழஞ்சி, மரச்சீனி ஏதாவது?”

இருதய ஸ்ட்ரெஸ் ஸ்கேனில் இது தலைகீழ்: அங்கே பிரச்சினை பலகாரமல்ல, குடிக்கிற காபிதான். இருதய ரத்தக்குழாயை விரிக்கும் அடினோசின் மருந்து போடும் நோயாளி முந்தின நாளிலிருந்தே காபி, டீ தொடக்கூடாது. பாலில்லாத கட்டன் சாயாவை டீயில் சேர்க்காதவர்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்லியே கேட்க வேண்டும்.

பெட் ஊசிக்குப் பிறகு சுமார் ஒரு மணி நேரம் சும்மா இருக்கச் சொன்னால், வெற்றிலை மெல்லுவதும் போன் பேசுவதும் அதில் சேராது என்று யாருக்கும் தோன்றாது. மென்றால் தாடைத் தசை ஒளிரும், பேசினால் குரல்வளை. ஏசி குளிரில் நடுங்கினால் கழுத்தோரக் கொழுப்பு ஒளிர்ந்து, நிணநீர்க் கட்டியோ என்று டாக்டரைக் குழப்பும். ஒரு போர்வை கொடுங்கள்.

நேரம் எழுதுவதில் சோம்பல் கூடாது. எலும்பு ஸ்கேனில் போடும் டெக்னீசியம்-99எம் மருந்தின் கதிர் 6 மணி நேரத்தில் பாதியாகும், எஃப்டிஜியில் இருக்கும் ஃபுளோரின்-18 கதிர் 110 நிமிடத்தில். ஊசி மருந்தின் கதிரை அளக்கும் டோஸ் காலிபரேட்டர் பக்கத்துக் கடிகாரமும் ஸ்கேனர் கடிகாரமும் 10 நிமிடம் மாறியிருந்தால் ஃபுளோரின் கணக்கு 6 சதவீதம் தப்பும். சிரிஞ்சில் மிச்சம் நின்றதையும் அளந்து கழிக்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இதுதான்.

நம் உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜை மேசை டிராயரில் வைத்துவிட்டு வேலை செய்பவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. டிராயர் எவ்வளவு கதிர் வாங்கியது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

எலும்பு ஸ்கேனில் ஊசிக்கும் படத்துக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும். தண்ணீர் நிறையக் குடித்து, சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்கிறோம். அந்தச் சிறுநீரில் மருந்து இருக்கிறது. சாரத்தில் (லுங்கியில்) ஒரு சொட்டு பட்டிருந்தால் போதும், தொடை எலும்பில் புற்று பரவியதுபோல ஒரு கரும்புள்ளி தெரியும். புள்ளியைப் பார்த்த கையோடு ரிப்போர்ட்டுக்கு அனுப்பாதீர்கள். சாரத்தை மாற்றச் சொல்லி, தோலைத் துடைத்து, இன்னொரு படம் எடுத்துப் பாருங்கள். பல தடவை அந்தப் புள்ளி அங்கே இருக்காது.