சொந்தக் காரில் சிங்கம் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஊரிலிருந்து அப்பா அம்மா லண்டனுக்கு வந்தால், டவர் பிரிட்ஜும் கிரீன்விச்சும் முதல் வாரத்திலேயே முடிந்துவிடும். அப்புறம் பிள்ளைகள் கேட்பது சஃபாரி பார்க். வண்டலூரில் சிங்கம் பார்க்கப் பூங்காவின் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் போதும். இங்கே நம் காரை நாமே ஓட்டிக்கொண்டு சிங்கத்துக்குப் பக்கத்தில் போகிறோம். வில்ட்ஷயரில் இருக்கும் லாங்லீட், 1966-இல் இதைத் தொடங்கியது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே இப்படி ஒன்று வந்தது அதுதான் முதல்முறை. அங்கே கூண்டுக்குள் இருப்பது நாம்தான் என்பது மறந்துபோகும்போதுதான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

குரங்கு விஷயத்தில் நம் ஆட்கள் ரொம்பவே ஏமாறுவார்கள். அழகர்கோவிலில் வாழைப்பழம் கொடுத்துப் பழகிய கை அல்லவா! முதல் குரங்கைக் கண்டதும் அம்மா, "பாவம்டா, குளிர்ல எப்படி உக்காந்திருக்கு பாரு" என்று கைப்பையைத் திறந்துவிட்டார். கண்ணாடி ஏற்றியிருந்ததால் நாங்கள் தப்பித்தோம், கார் தப்பவில்லை. ஒன்று பானட்டில் சாவகாசமாக உட்கார்ந்துகொள்ள, இன்னொன்று முருங்கைக்காய்க்கு நார் உரிப்பதுபோல வைப்பரின் ரப்பரை நீளமாக உரித்தது. உள்ளே ஒரே சிரிப்பு. திரும்பும் வழியில் மோட்டார்வேயில் மழை பிடித்துக்கொண்ட பிறகு யாரும் சிரிக்கவில்லை. உரிபட்டது ஓட்டுநர் பக்கத்து வைப்பர்.

இந்தச் சேதத்துக்குப் பூங்கா பொறுப்பேற்காது. நுழையும்போதே பலகையில் எழுதியிருப்பார்கள். லாங்லீட்டிலும், லிவர்பூல் பக்கத்து நோஸ்லியிலும் குரங்குகள் இருக்கும் பகுதியைத் தவிர்த்துப் போகத் தனி வழி உண்டு. வாடகைக் கார் என்றால் யோசிக்காமல் அதில் திரும்பிவிடுங்கள். காரின் கூரையில் பெட்டி கட்டிக்கொண்டு போவதும் வேண்டாம். நோஸ்லியின் பபூன் குரங்குகளுக்கு அதைத் திறப்பது ஒரு வேலையே இல்லை.

எதையாவது ஊட்டித்தான் தீர வேண்டும் என்றால் மான்கள் இருக்கின்றன. சில பூங்காக்களில் அவற்றுக்குப் போட அவர்களே தீவனம் விற்பார்கள். வீட்டுப் புளியோதரை மனிதர்களுக்கு மட்டும்.

கிளம்புமுன் பின்சீட்டுக் கண்ணாடிகளைப் பூட்டும் பொத்தானை அழுத்திவிடுங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்குப் புலியும் ஒன்றுதான், பூனையும் ஒன்றுதான்.

கழிப்பறை விஷயத்தை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. விலங்குகள் திரியும் பாதைக்குள் நுழைந்துவிட்டால் நடுவில் இறங்க வழியில்லை. பள்ளி விடுமுறை நாளில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தால் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். சர்க்கரை மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் வெளியே சொல்லக் கூச்சப்பட்டு அவஸ்தைப்படுவார்கள். எல்லோரையும் ஒருமுறை போய்வரச் சொல்லிவிட்டு அப்புறம் உள்ளே நுழையுங்கள். வரமாட்டேன் என்பவரையும் சேர்த்து.

"பிள்ளைகள் நிதானமாக எழுந்திருக்கட்டும்" என்று பத்து மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புவதும் தப்புக் கணக்குதான். சிங்கம் நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். மத்தியானம் போனால் புல்லில் ஒரு மஞ்சள் மூட்டை தெரியும், அவ்வளவுதான். காலையில் கதவு திறக்கும்போதே நிற்பது நல்லது. டிக்கெட்டை முன்பே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் போனதும் வழிகாட்டும் சாட்நாவை விட்டுவிட்டு, சாலையோரத்துப் பழுப்பு நிறப் பலகைகளைப் பின்பற்றுங்கள். இவ்வளவு பெரிய எஸ்டேட்டில் அஞ்சல் குறியீடு ஏதோ ஒரு பின்வாசலில் கொண்டுபோய் நிறுத்தக்கூடும்.

கடைசியாக, கார் நின்றுவிட்டால் இறங்கக் கூடாது. ஹாரன் அடித்துவிட்டு உள்ளேயே இருந்தால் ரோந்து ஜீப் வரும். சின்னச் சத்தம் கேட்டாலும் இறங்கி பானட்டைத் தூக்கிப் பார்க்கிற எங்கள் அப்பா மாதிரி ஆள் உங்கள் வீட்டிலும் இருந்தால், இதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். நாங்கள் சிங்கத்தின் எதிரே வைத்துச் சொன்னோம். "ரேடியேட்டர்ல தண்ணி இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வந்துடறேன்" என்றார்.