மன்னாரில் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

ஊருக்குப் போகிற பயணத்தை எங்களில் பலர் நல்லூர்த் திருவிழாவை ஒட்டித்தான் வைக்கிறோம். ஆனால் ஆவணியில் போனால் வலசைப் பறவைகள் பெரும்பாலும் கண்ணில் படாது. ஐப்பசியளவில் வந்திறங்கிப் பங்குனியோடு திரும்பிவிடுகின்றன. கார்த்திகை, மார்கழியில் மழை. பறவைக்காகவே போவதானால் தை, மாசியைத்தான் சொல்வேன்.

முதலில் மன்னாருக்குப் போங்கள். தீவுக்குப் போகும் தாம்போதியின் இருபக்கமும், 2010 முதல் ராம்சார் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள ஈரநிலமான வங்காலைச் சரணாலயமும் ஒரு காலைப்பொழுதுக்குப் போதாது. வாத்துகளுக்குக் கட்டுக்கரைக்குளம். யாழ்ப்பாணத்தில் தங்குகிறவர்களுக்குத் தொண்டைமானாறும் சுண்டிக்குளமும் இருக்கின்றன.

எது அரிய பறவை என்பது இடத்தைப் பொறுத்தது. எங்கள் வேலிக்கம்பியில் வாலைப் பிளந்தபடி இருக்கும் கரிச்சானை இலங்கையின் வடக்கு, வடமேற்குப் பக்கம்தான் பார்க்கலாம். தெற்கிலிருந்து அதற்காகவே வருகிறார்கள். அதைக் கடந்து ஓடாமல் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மன்னார்க் கரையில் நான் தேடுவது நண்டுதின்னி. தூரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக நிற்பதால் பவளக்கால் உள்ளானோடு குழம்பும். அலகைப் பாருங்கள். உள்ளானுக்கு ஊசிபோல மெலிந்த அலகு, இளஞ்சிவப்புக் கால். நண்டுதின்னிக்குக் கத்திபோலத் தடித்த கரிய அலகு, நீலச்சாம்பல் கால். நடையும் காட்டிக்கொடுக்கும்: நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். பூநாரைக் கூட்டத்தில் சிறிய இனம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கும் அலகுதான். பெரியதற்கு இளஞ்சிவப்பு அலகில் நுனி மட்டும் கறுப்பு, சிறியதற்கு அலகு முழுதும் கருஞ்சிவப்பு.

ஆகவே முதல் படம் அழகுக்கு அல்ல, அடையாளத்துக்கு. தூரமானாலும் அலகு, கால், பறக்கும்போது சிறகும் முதுகும் தெரிகிற மாதிரி நாலைந்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு கிட்டப் போக யோசிக்கலாம். 400 மில்லிமீற்றருக்குக் குறைந்த லென்ஸ் இங்கே காணாது. பறப்பதற்கு ஷட்டர் வேகம் 1/1600 செக்கனுக்குக் கீழே போகவேண்டாம். வெள்ளை இறகு வெளிறிப் போகாமல் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துவையுங்கள். வெயில் ஏறினால் சேற்றுக்கு மேலே கானல் ஆடும், எந்த விலை லென்ஸாலும் கூர்மை வராது. வெள்ளனவே போய், சூரியன் முதுகுப்பக்கம் இருக்க நில்லுங்கள்.

ஓட்டோவை விட்டு இறங்காதீர்கள். வாகனத்துக்குப் பயப்படாத பறவை மனித உருவத்தைக் கண்டதும் எழும்பிவிடும். இன்ஜினை நிறுத்திவிட்டு அரை மணித்தியாலம் அசையாமல் இருந்தால் அதுவே கிட்ட வரும்.

ஒருமுறை, பறக்கிற படம் வேண்டுமென்று ஒருவர் கைதட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார். மேய்ந்துகொண்டிருந்த பூநாரைகள் அத்தனையும் நீரில் கால் பதறி ஓடி எழும்பிப் போயின. அன்று அவை திரும்பி வரவில்லை. எத்தனையோ தூரம் பறந்து வந்து இரை தேடுகிற உயிரை ஒரு படத்துக்காகக் கலைக்க எனக்கு மனம் ஒப்பாது. உங்களுக்கும் ஒப்பக்கூடாது. ட்ரோனும் அதே வேலையைத்தான் செய்யும், அதற்கு அனுமதியும் எடுக்கவேண்டும்.

கடற்படை முகாம், காவலரண் இருக்கும் திசைக்குக் கமராவைத் திருப்பாதீர்கள். மண்டையோட்டு அடையாளமிட்ட கண்ணிவெடிப் பலகை இருந்தால், எந்தப் பறவைக்காகவும் அப்பால் கால் வைக்கவேண்டாம். கூடு கண்டால் இடத்தை வெளியில் எழுதாதீர்கள். திரும்பியதும் உப்புக்காற்றுப் பட்ட லென்ஸை ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்துணியால் துடையுங்கள்.