நர்சரி செடி வீட்டுக்கு வந்ததும் வாடுதா? வாங்குறதுல இருந்து தொட்டி மாத்துற வரைக்கும்

வசந்தகாலம் வந்தாச்சு, எல்லா நர்சரியும் நிரம்பி வழியும். தலைமுறையா ஒரே குடும்பம் நடத்துற பழைய நர்சரி பக்கத்துல இருந்தா கண்ண மூடிட்டு அங்க போங்கன்னுதான் சொல்லுவேன். அந்த மாதிரி இடத்துல தாய்ச்செடியே தோட்டத்துல நிக்கும், இது எவ்ளோ உயரம் போகும், எவ்ளோ வெயில் தாங்கும்னு அதையே காட்டி சொல்லிடுவாங்க. வார நாள்ல காலைலயே போயிடுங்க, கூட்டம் இல்லன்னாதான் நின்னு பேசுவாங்க.

1. செடி எடுக்கிறது

பூத்து குலுங்குற செடிய விட்டுட்டு மொட்டு நிறைய இருக்கிற, குட்டையா அடர்த்தியா இருக்கிறத எடுங்க. இலைய திருப்பி பாருங்க, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ எல்லாம் அடிப்பக்கம்தான் ஒளிஞ்சிருக்கும். ரோஜா மாதிரி ஒட்டுச்செடின்னா (ஒரு செடியோட தண்டுல இன்னொன்ன ஒட்டி வளர்த்தது) ஒட்டுக்கு கீழ இருந்து துளிர் கிளம்பியிருக்கான்னு பாருங்க, அது அடியில வேரோட இருக்கிற வேர்ச்செடியோட துளிர், விட்டா மேல இருக்கிறத அமுக்கிடும்.

2. வெயிலுக்கு பழக்குறது

செடி செத்துப் போறது பெரும்பாலும் இங்கதான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். நர்சரில நிறைய செடி ஷேட் நெட்டுக்கு அடியில வளர்ந்தது. நிழல்ல விட்ட இலை மெலிசா இருக்கும், நேரா மொட்டை மாடி வெயில்ல வச்சா ரெண்டு மூணு நாள்ல இலை நடுவுல வெளுத்து, அப்புறம் காகிதம் மாதிரி பழுப்பா காஞ்சிடும். நோய்னு நினைச்சு மருந்து அடிச்சு பிரயோஜனமே இல்ல, அது வெயில் சுட்ட காயம்.

முதல் ரெண்டு நாள் வெளிச்சமான நிழல். அப்புறம் காலை வெயில் ஒரு மணி நேரம், தினமும் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க, மத்தியான வெயில கடைசியா காட்டுங்க. 7ல இருந்து 10 நாள் ஆகும், பொறுமையா இருங்க. நைட்டு இன்னும் குளிர் விழுற ஊர்னா தக்காளி, மிளகா நாத்தெல்லாம் ராத்திரி உள்ள எடுத்து வைக்கணும். இந்த நாட்கள்ல மத்த செடிகள்ட்ட இருந்து தள்ளியே வைங்க, பூச்சி இருந்தா பரவாம தெரிஞ்சிடும்.

3. தொட்டி மாத்துறது

பழைய கவர விட ரெண்டு இஞ்ச் அகலமான தொட்டி போதும். ரொம்ப பெருசா வச்சா வேர் போகாத மண்ணு ஈரமாவே கிடந்து வேர் அழுகும். அடியில ஜல்லி போடுறது தேவையே இல்ல, தண்ணி வடிய ஓட்டை இருந்தா போதும்.

கவர இழுக்காம பிளேடால கிழிச்சு எடுங்க. வேர் வட்டமா சுத்தி கெட்டியா இருந்தா அப்படியே நடாதீங்க, புது மண்ணுக்குள்ள போகாம அங்கயேதான் சுத்தும். விரலால தளர்த்துங்க, வரலன்னா பக்கவாட்டுல மூணு நாலு இடத்துல மேலிருந்து கீழ லேசா கீறி விடுங்க. பயமாத்தான் இருக்கும், ஆனா அந்த வெட்டுல இருந்துதான் புது வேர் வரும். சாயங்காலம் நட்டா செடிக்கு ஒரு ராத்திரி ஓய்வு கிடைக்கும். ஒட்டு இருக்கிற இடத்த மண்ணுக்கு மேலயே வைங்க.

செடி வெட்டுற கத்திரி வாங்குறதா இருந்தா ரெண்டு பிளேடும் ஒண்ண ஒண்ணு உரசிட்டு போற மாடல் வாங்குங்க, தட்டு மேல அமுக்கி வெட்டுறது பச்சை தண்ட நசுக்கிடும்.

அப்டேட்: "தண்ணி ஊத்துறேன், அடியில வடியுது, ஆனாலும் வாடுது"ன்னு சில பேர் கேட்டிருந்தீங்க. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) சுத்தமா காஞ்சு போச்சுன்னா சுலபத்துல தண்ணி பிடிக்காது, ஊத்துறது ஓரமா இறங்கி ஓடிடும். தொட்டிய ஒரு பக்கெட் தண்ணில முக்கி வைங்க, குமிழி வர்றது நின்னதும் எடுத்து வடிய விடுங்க. மத்தியானம் மட்டும் வாடி சாயங்காலம் நிமிர்ந்துச்சுன்னா உடனே தண்ணி ஊத்தாதீங்க, விரல ரெண்டு இஞ்ச் உள்ள விட்டு பாத்துட்டு காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க.

உரம் எப்போன்னும் கேக்குறாங்க. புது துளிர் வர்ற வரைக்கும் எதுவும் போட வேணாம், பொதுவா மூணு நாலு வாரம் ஆகும், அதுக்கப்புறம் பாதி அளவுல ஆரம்பிங்க.