டச் எடுக்கவில்லையா? அழுத்தாதீங்க!

முக்கூடலில் எங்கள் ஆச்சிக்குப் பீடி சுற்றிச் சுற்றியே விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருக்கிறது. பேரன் வீடியோ காலில் வந்தால் பச்சை வட்டத்தை நாலு தடவை தள்ளுவாள். எடுக்காது. அப்புறம் நகத்தால் குத்துவாள். "நல்லா அழுத்துங்க ஆச்சி" என்று பக்கத்தில் இருக்கிறவர்களும் சொல்லிக் கொடுப்பார்கள்.

அந்த யோசனைதான் முதல் தவறு. அழுத்தத்தில் வேலை செய்தது பழைய ரெசிஸ்டிவ் திரை. அதில் இரண்டு படலங்கள் ஒன்றோடொன்று ஒட்டியாக வேண்டும். இப்போது நம் கையில் இருக்கும் கெபாசிட்டிவ் திரைக்கு அழுத்தம் ஒரு பொருட்டே இல்லை. கண்ணாடிக்கு அடியில், இண்டியம் டின் ஆக்சைடு போன்ற ஒளி ஊடுருவும் மின்கடத்தியால் ஆன கோடுகள் பத்தமடைப் பாய் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஆனால் ஒன்றையொன்று தொடாது. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு சின்ன மின்புலம் நின்று, கண்ணாடிக்கு வெளியேயும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். நம் உடம்பில் உப்பும் நீரும் இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். விரல் கிட்டே வந்ததும் அந்தப் புலத்தில் ஒரு பங்கை இழுத்துக்கொள்ளும். எந்தச் சந்திப்பில் குறைந்தது என்று உள்ளே ஒரு சிப் நொடிக்குப் பல பத்துத் தடவை அளந்துகொண்டே இருக்கும். குறைகிற அளவு சாதாரணமாக ஒரு பிக்கோஃபாரடைக்கூட (மின்தேக்கத் திறனை அளக்கும் மிகச் சின்ன அலகு) எட்டாது. இங்கிலாந்தில் ரேடார் ஆய்வு நிலையம் ஒன்றில் இருந்த ஈ.ஏ.ஜான்சன் 1965-லேயே இப்படியொரு திரையைப் பற்றி எழுதிவிட்டார்.

அழுத்தினால் சில நேரம் எடுக்கிறதே என்றால், விரல் தட்டையாகி அதிக இடத்தில் படிகிறது, அவ்வளவுதான். நகம் மின்சாரத்தைக் கடத்தாது, பேனா மூடியும் அப்படியே. கையில் பிடித்த வாழைப்பழத்தின் நுனியால் தட்டிப் பாருங்கள், எடுக்கும்! ஆச்சிக்கு விரல் நுனித் தோல் காய்த்துத் தடித்திருப்பதுதான் சிக்கல். அதனால் அவளிடம் ஈரத்துணியில் விரலைத் துடைத்துவிட்டு, நுனிக்குப் பதில் விரலின் சதைப்பகுதியை வைக்கச் சொன்னேன். போன் செட்டிங்ஸில் டச் உணர்திறனைக் கூட்டும் வசதி இருந்ததால் அதையும் போட்டுவிட்டேன். இப்போது முதல் தள்ளிலேயே பேரன் வந்துவிடுகிறான்.

அடுத்து, சாரல் சீசன். (திருநெல்வேலி மாவட்டம் பிரிந்து குற்றாலம் தென்காசிக்குப் போய்விட்டது, எங்களுக்கு இன்னும் எங்க ஊர்தான்.) அருவிக்குப் போகும்போது போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுவிட்டு, டச் எடுக்கவில்லை என்றதும் பையைத் திறந்துவிடுகிறார்கள். பாவம், பை என்ன செய்யும்? மெல்லிய பிளாஸ்டிக்கைத் தாண்டி அந்த மின்புலம் வரும். தொந்தரவு செய்வது பைக்குள் உப்பி நிற்கும் காற்றும், மேலே வழியும் தண்ணீரும்தான். தண்ணீரையும் விரல் என்று நினைத்துத் திரை தானாக ஓடும். காற்றை வெளியேற்றி, மேலே துடையுங்கள். போட்டோ எடுக்க வால்யூம் பட்டன் போதும்.

டெம்பர்ட் கிளாஸ் ஒட்டும்போதும் இதே காற்றுதான் வில்லன். ஓரத்தில் மட்டும் பசை உள்ள கண்ணாடி, நடுவில் இடைவெளி விட்டால் டச் மந்தமாகும். முழுப் பரப்பும் ஒட்டுகிறதை வாங்குங்கள். அல்வா சாப்பிட்ட கையால் தொட்டால் ஒன்றும் ஆகாது, கண்ணாடிதான் பிசுபிசுக்கும். ஆனால் அதைத் துடைக்கிறேன் என்று பெட்ரோலைத் தொட்டுத் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். திரையின் மேல் இருக்கும் எண்ணெய் ஒட்டாத பூச்சு போய்விடும். லேசான ஈரத்துணி போதும்.

காசு கரைகிற தவறு கடைசியில். போன வருஷம் என் போனில் யாரோ உள்ளே உட்கார்ந்து தட்டுவது போலத் திரை தானாக ஆடியது. ஒரு கடையில் "டிஸ்ப்ளே காம்போ மாத்தணும் அண்ணாச்சி" என்றார்கள். அதாவது, திரையையும் டச்சையும் சேர்த்தே மாற்ற வேண்டுமாம். வீட்டுக்கு வந்து யோசித்தால், சார்ஜ் போட்டிருக்கும்போது மட்டும்தான் ஆடுகிறது! மலிவான சார்ஜரிலிருந்து கசியும் மின் இரைச்சல், சிப் தேடும் அந்தத் துளியூண்டு மாற்றத்தை மூழ்கடித்துவிடும். ஒயரைப் பிடுங்கினேன், ஆட்டம் நின்றது. திரும்பச் சொருகினேன், ஆடியது. போனோடு வந்த பழைய சார்ஜரைப் பரணிலிருந்து தேடி எடுத்துப் போட்டதோடு காம்போ செலவு மிச்சம்.