லெஃப்டி பேஸ்: கடை முதல் மேடை வரை தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வலது கை பேஸை வாங்கி ஸ்ட்ரிங்கைத் திருப்பிக் கட்டிக்கிட்டா சரியாப் போச்சு." இடது கைக்காரர் ஒருவர் பேஸ் கிட்டார் வாங்கப் போனால் பெரும்பாலும் முதலில் காதில் விழுவது இதுதான். சொல்பவர் நல்லதாக நினைத்தே சொல்கிறார். ஆனால் பேஸில் இடம் வலம் பார்க்காத பாகம் மிகக் குறைவு. நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் சிறு கட்டை) வெட்டிய பள்ளம், பாடிமேல் ஸ்ட்ரிங்கைப் பிடிக்கும் பிரிட்ஜில் சாடில்கள் (ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் தாங்கும் துண்டுகள்) நிற்கும் வரிசை, பாடியின் கொம்பு, வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் உள்ள மாறு மின்தடை) எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் உண்டு. காலடியில் கிடக்கும் பெடலுக்கும் உண்டு. லெஃப்டிகள், அதாவது இடது கையால் மீட்டுபவர்கள், மாட்டிக்கொள்ளும் சிக்கல்களில் பெரும்பாலானவை, இவற்றில் ஏதோ ஒன்றின் பக்கத்தைக் கவனிக்காமல் விட்டதால் வருபவை.

எந்தக் கை என்பதைக் கடை இருப்பு முடிவு செய்வது

இடது கைக்காரருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. வலது கைக்காரரைப் போலவே வாசிக்கலாம். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் மார்க் நாஃப்ளர் இடது கைக்காரர், கிட்டார் வாசிப்பதோ வலது கை முறையில். பீட்டில்ஸ் பேஸ்காரர் பால் மெக்கார்ட்னி போல முழு லெஃப்டியாக வாசிக்கலாம். மூன்றாவது, வலது கை பேஸை ஸ்ட்ரிங் மாற்றாமல் அப்படியே தலைகீழாகப் பிடிப்பது. ஜாஸ் பேஸ்காரர் ஜிம்மி ஹாஸ்லிப் அப்படித்தான் வாசிக்கிறார், தடித்த ஈ ஸ்ட்ரிங் அவருக்குக் கீழே இருக்கும். மூன்றில் எதுவும் குறைந்ததல்ல. கடையில் லெஃப்டி இல்லை என்பதற்காக ஒன்றைத் தொடங்கி, ஒரு வருடம் கழித்து இன்னொன்றுக்கு மாறுவதுதான் தவறு. விரல் பழகியதெல்லாம் அப்போது வீண்.

வாங்கும் முன் சோதிப்பது எளிது. கையில் எதுவும் இல்லாமல், நன்றாகத் தெரிந்த ஒரு பேஸ் லைனை முணுமுணுத்தபடி வாசிப்பது போல் கைகளை அசையுங்கள். தாளத்தைப் பிடிக்க எந்தக் கை தானாக முன்வருகிறதோ அதுதான் ஸ்ட்ரிங்கை மீட்ட வேண்டிய கை. பிறகு கடையில் இரண்டு வகையிலும் பத்துப் பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். ஏற்கெனவே வலது கை முறையில் இரண்டு வருடம் சிரமமில்லாமல் வாசிப்பவர் மாற வேண்டியதில்லை. சோற்றுக்கை, பீச்சாங்கை என்ற வீட்டு வழக்குக்கு இங்கே வேலையே கிடையாது; பேஸில் இரண்டு கைக்கும் முழுநேர உத்தியோகம்.

வலது கை பேஸைத் திருப்பும்போது விட்டுப்போவது

திருப்பவே கூடாது என்பதில்லை. திருப்பினால் முழுதாகத் திருப்ப வேண்டும்.

முதலில் நட். சாதாரண செட்டில் ஈ ஸ்ட்ரிங் 0.105 அங்குலம், ஜி 0.045 அங்குலம், அதாவது 2.7 மில்லிமீட்டரும் 1.1 மில்லிமீட்டரும். ஜி-க்கு வெட்டிய பள்ளத்தில் ஈ இறங்காமல் மேலேயே உட்காரும். முதல் ஃப்ரெட்டை (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்த அதிக பலம் வேண்டும், அழுத்தினால் சுருதி ஏறும். ஈ-க்கு வெட்டிய அகலப் பள்ளத்தில் ஜி பக்கவாட்டில் ஆடும். திறந்து வாசித்தால் கிரீச்சிடும். ஒடுக்கமான பள்ளத்தை அரத்தால் அகலப்படுத்தலாம், அகலமானதை ஒடுக்க முடியாது. அதனால் புதிய நட் போடுவதே வழி. பேக்கிங் சோடாவும் சூப்பர் குளூவும் வைத்துப் பள்ளத்தை அடைப்பது அன்றைய கச்சேரியை ஒப்பேற்ற உதவும், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

அடுத்து பிரிட்ஜ். ஸ்ட்ரிங் தடிமன் கூடக் கூட சாடில் பின்னால் தள்ளி நிற்க வேண்டும். திருப்பிக் கட்டியதும் இந்த வரிசை தலைகீழாகிவிடும். ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் விரலால் தொட்டு மட்டும் மீட்டினால் வரும் ஒலி) அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் ஸ்வரத்தையும் சுருதி காட்டும் ட்யூனர் கருவியில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் சாடிலைப் பின்னுக்கு, இறங்கியிருந்தால் நெக் பக்கம் நகர்த்துங்கள். ஈ பக்கம் ஸ்க்ரூவின் நீளம் போதாமல் போனால், சாடில்களை ஸ்க்ரூ, ஸ்பிரிங்கோடு கழற்றி இடம் மாற்றிப் போடுங்கள்.

ஹெட்ஸ்டாக்கில், அதாவது நெக்கின் தலைப்பகுதியில், இரண்டு விஷயம். ஃபெண்டர் மாதிரி ஸ்ட்ரிங்கை முறுக்கும் நான்கு ட்யூனரும் ஒரே வரிசையில் இருந்தால், திருப்பியதும் ஈ ஸ்ட்ரிங் கடைசி போஸ்ட் (ட்யூனரில் ஸ்ட்ரிங் சுற்றும் தண்டு) வரை போக வேண்டியிருக்கும்; வழக்கத்தைவிட நான்கைந்து அங்குலம் கூடுதல். பழைய கணக்கில் நறுக்கினால் சுற்றவே நீளம் இருக்காது. போஸ்ட்டில் வைத்து அளந்த பிறகே கட்டரை எடுங்கள். டி, ஜி இரண்டையும் அழுத்திப் பிடிக்கும் அந்த வட்ட ரிடெய்னருக்கு அடியில் இப்போது ஏ-யும் ஈ-யும் வரும். தடித்த ஸ்ட்ரிங் அதில் சிக்கிச் சிக்கி நகர்ந்தால் ட்யூனிங் நிற்காது. அடியில் ஒரு சின்ன வாஷர் வைத்து உயர்த்திப் பாருங்கள்.

இதையெல்லாம் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது பாடி. ஃபெண்டர் வகை பேஸில் மேல் கொம்பு ஏறக்குறைய பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை நீண்டிருப்பதே ஸ்ட்ராப் சமநிலைக்காகத்தான். திருப்பினால் அந்த நீளக் கொம்பு கீழே போய், மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கை போகும் வழியை மறிக்கும். ஸ்ட்ராப் பட்டன் குட்டைக் கொம்புக்கு வரும். ஹெட்ஸ்டாக் தரையை நோக்கிச் சாயும். ஸ்வரம் பிடிக்க வேண்டிய கை நெக்கைத் தூக்கிப் பிடிக்கும் கையாகிவிடும். இரண்டு மணி நேரக் கச்சேரிக்குப் பிறகு மணிக்கட்டு வலிக்கக் காரணம் பெரும்பாலும் இதுதான். உட்புறம் கரகரப்பான அகல ஸ்ட்ராப்பும் எடை குறைந்த ட்யூனர்களும் ஓரளவு உதவும். வால்யூம் குமிழ்களும் ஜாக்கும் முன்கைக்கு அடியில் வந்துவிடுவது தனித் தொல்லை. பாட்டு நடுவே ஒலி இறங்கினால் ஆம்பைப் பார்க்கும் முன் முழங்கையைப் பாருங்கள்.

அதிகம் பேர் மேடையில்தான் கண்டுபிடிப்பது பக்கவாட்டுப் புள்ளிகளை. நெக்கின் மேல் விளிம்பில் 3, 5, 7, 9, 12 ஃப்ரெட்டுகளைக் காட்டும் சிறு புள்ளிகள், திருப்பிய பேஸில் தரையைப் பார்த்து இருக்கும். வீட்டு விளக்கில் இது தெரியவே தெரியாது. மேடையில் விளக்கை அணைத்து நீலத்தை மட்டும் போட்டால் கை தடுமாறும். இருட்டில் ஒளிரும் புள்ளி ஸ்டிக்கர் ஒட்டலாம், வெள்ளை நெயில் பாலிஷில் ஒரு பொட்டும் வைக்கலாம்.

பிரிசிஷன் பேஸைத் திருப்புபவர்கள் குறையென்று நினைக்கும் ஒன்று குறையே அல்ல. 1957 முதல் அதன் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பாகம்) இரண்டு துண்டாகப் பிளந்தே வருகிறது: ஈ, ஏ-க்கான துண்டு நெக் பக்கம், டி, ஜி-க்கானது பிரிட்ஜ் பக்கம். திருப்பினால் ஈ, ஏ பிரிட்ஜ் பக்கத் துண்டுக்கு வரும். கீழ் ஸ்வரங்கள் சற்று இறுகி, மேல் ஸ்வரங்கள் சற்றுத் தடித்து ஒலிக்கும். இதை விரும்பியே வலது கை பேஸில் இப்படிப் பொருத்துபவர்களும் உண்டு.

திருப்பியே ஆக வேண்டும் என்றால் இருபுறமும் ஒத்த வடிவத்தைத் தேடுங்கள். மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் 500/1 வயலின் வடிவ பேஸ். இடது கையில் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பது அவருக்குப் பிடித்த விஷயம். இந்த வகையின் ஸ்கேல், அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையான ஸ்ட்ரிங் நீளம், 30 அங்குலம்தான். வழக்கமான 34 அங்குல பேஸுக்கான ஸ்ட்ரிங் செட்டை இதற்கு வாங்காதீர்கள். ஷார்ட் ஸ்கேல் செட் கேளுங்கள்.

லெஃப்டி என்று எழுதியிருந்தாலும் சோதியுங்கள்

ஃபெண்டர், ஸ்குவையர், ஐபனீஸ் எல்லாமே லெஃப்டி பேஸ் செய்கின்றன. ஐபனீஸ் ஜிஎஸ்ஆர்200எல் போன்றவை தொடக்க நிலைக்குப் போதும். நிறத்தில் பிடிவாதம் வேண்டாம், லெஃப்டிக்கு ஒன்றிரண்டு நிறமே வரும். ஆர்டர் கொடுக்கும் முன், அதே மாடலின் வலது கை பேஸைக் கடையில் மடியில் வைத்து எடையையும் நெக் பருமனையும் பாருங்கள். ஒலியை நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கையில் பார்க்காமல் வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

பேஸ் வந்ததும் வால்யூம் குமிழைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாகத் திருப்புங்கள். தொடக்கத்திலேயே ஒலி குபீரென்று ஏறி, மீதித் தூரம் முழுக்க எதுவும் மாறாமல் இருந்தால் பாட் தவறு. பேஸ்களில் வழக்கமாக வருவது 250 கிலோ ஓம் ஆடியோ டேப்பர் பாட். நடுவில் நிறுத்தினால் அது மொத்தத்தில் பத்திலொரு பங்கோ சற்றுக் கூடவோதான் தரும். காதுக்குச் சீராக ஏறுவது போல் கேட்க அப்படி வைத்திருக்கிறார்கள். எதிர்த்திசையில் திருப்ப வசதியாக இருக்கட்டும் என்று இரு ஓரக் கால்களின் வயரை மட்டும் மாற்றி சால்டர் செய்தால், அந்தக் கணக்கு தலைகீழாகும். ரிவர்ஸ் ஆடியோ, அதாவது சி டேப்பர் 250 கிலோ ஓம் பாட் போட வேண்டும். கிடைக்காவிட்டால் வயரைப் பழையபடி மாற்றி, வலது கைத் திசையிலேயே திருப்பப் பழகிவிடலாம். அதில் ஒரு கஷ்டமும் இல்லை. லீனியர் பாட்டாக இருந்தால் கால்களை மாற்றினாலே போதும்.

செட்டப்புக்குக் கொடுக்கும்போது பெட்டிமேல் 'லெஃப்டி' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மெக்கானிக் கைப்பழக்கத்தில் இடது ஓர ஸ்ட்ரிங்கை ஈ என்று எடுத்துக்கொள்வதும், ஜி பக்கம் உயரமாகவும் ஈ பக்கம் தாழ்வாகவும் வந்து ஈ ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் அடித்துக்கொள்வதும் நடக்கிற கதைதான். திரும்ப வாங்கும்போது பதினேழாவது ஃப்ரெட்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள்: ஈ பக்கம் சுமார் 2.4 மில்லிமீட்டர், ஜி பக்கம் சுமார் 2 மில்லிமீட்டர். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, கடைசி ஃப்ரெட்டை அழுத்தினால் ஏழு, எட்டாவது ஃப்ரெட்டில் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி.

ஸ்ட்ரிங் மாற்றும் வீடியோக்கள் வலது கைக்காரர்களுக்கானவை. பார்த்துச் செய்தால் போஸ்ட்டில் சுற்றும் திசை தவறிவிடும். ஸ்ட்ரிங் போஸ்ட்டின் உட்புறமாக, அதாவது ட்யூனர் சாவிக்கு எதிர்ப்பக்கமாகப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். டேப் நொட்டேஷனை (ஃப்ரெட் எண்களை ஸ்ட்ரிங் கோடுகளில் எழுதும் முறை) திருப்பாதீர்கள். மேல் கோடு எல்லோருக்கும் ஜி-தான். எதிரில் உட்கார்ந்து சொல்லித்தரும் ஆசிரியர் உங்களுக்குக் கண்ணாடி பிம்பமாகவே தெரிவார். லெஃப்டிக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரே வசதி.

பெடலும் கேபிளும்

ஆம்புக்குக் கைப்பழக்கம் கிடையாது, அதை விட்டுவிடலாம். பெடல்களில் பெரும்பாலும் இன்புட் வலப்பக்கம், அவுட்புட் இடப்பக்கம். வலது கைக்காரரின் கேபிள் வலது இடுப்பிலிருந்து நேரே அங்கே இறங்கும். லெஃப்டியின் கேபிள் இடது இடுப்பிலிருந்து இறங்கி, பெடல்போர்டுக்கு முன்னால் குறுக்கே ஓடும். மிதிப்பதும் பிடுங்குவதும் அங்கேதான். போர்டின் இடது ஓரத்தில் ஒரு பெண் ஜாக் பொருத்தி, அங்கிருந்து போர்டுக்கு அடியில் 60 சென்டிமீட்டர் கேபிளை முதல் பெடலுக்குக் கொண்டுபோங்கள். இதனால் ஒலி குறையாது. இதைச் செய்யாமல் பத்து மீட்டர் கேபிள் வாங்கிச் சுற்றிப் போடுபவர்களுக்கு, பேஸ் பேஸிவ் ஆக (பேட்டரி இல்லாததாக) இருந்தால், மேல் அதிர்வெண்கள் மழுங்கும். வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் ஸ்ட்ராப்பின் இடதுபுறம் இருந்தால் இன்-இயர் ரிசீவரை (காதில் மாட்டும் மானிட்டரின் பெட்டி) வலது இடுப்பில் வையுங்கள். ஒட்டி வைத்தால் ஒன்றையொன்று கெடுக்கும்.

மேடையில் நிற்கும் இடம்

பேஸ்காரர் ட்ரம்ஸின் ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தட்டு) பக்கம் நிற்பது வழக்கம். வலது கை ட்ரம்மர் என்றால் அது பார்வையாளருக்கு வலப்பக்கம். அங்கே வலது கை பேஸின் நெக் வெளிப்பக்கம் நீட்டி நிற்கும். லெஃப்டியின் நெக் உள்பக்கம், நேரே ஹை-ஹாட்டை நோக்கும். ட்ரம்மரைப் பார்க்கத் திரும்பினால் ஹெட்ஸ்டாக் பின்னால் சுழன்று ஸ்டாண்டில் இடிக்கும். அடுத்த பாட்டு முழுக்க சுருதி விலகியிருக்கும். பேஸின் மொத்த நீளம் ஏறக்குறைய 117 சென்டிமீட்டர் என்பதை மனதில் வைத்து இடம் கேளுங்கள்.

லெஃப்டிக்குப் பார்வையாளரின் இடப்பக்கமே நல்ல இடம். நெக் வெளியே போகும், ட்ரம்மரைப் பார்க்கத் திரும்பினால் ஹெட்ஸ்டாக் முன்பக்கம் காலி இடத்தில் சுழலும். ஃப்ளோர் டாம் (தரையில் நிற்கும் பெரிய ட்ரம்) காதுக்குப் பக்கத்தில் இடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒரே மைக்கில் வலது கை கிட்டார்காரரோடு சேர்ந்து பாட வேண்டுமென்றால் இந்த இடம் இன்னும் நல்லது: இரண்டு நெக்கும் வெளியே விலகும், தோளோடு தோள் நெருங்கலாம். இடம் மாறி நின்றால் இரண்டு நெக்கும் குறுக்கே மோதும்.

கல்யாண மண்டபத்தில், திருவிழா மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் லைட் மியூசிக் கச்சேரி என்றால், கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியை முதலிலேயே மாற்றச் சொல்லுங்கள். பேஸின் அடிப்பாகம் இடது கைப்பிடியில் முட்டி, பாடி முன்னால் சாயும். கைப்பிடி இல்லாத நாற்காலி, வரிசையில் பார்வையாளருக்கு இடது ஓரம். கீபோர்டுக்கும் தபேலாவுக்கும் நடுவில் உட்கார வைத்தால் கீபோர்டு ஸ்டாண்ட் எந்தப் பக்கம் என்று பார்த்து ஒத்துக்கொள்ளுங்கள்.

மாற்று ஏற்பாடு

வலது கைக்காரருக்கு பேஸ் பழுதானால் அடுத்த குழுவிடம் ஒன்று வாங்கலாம். லெஃப்டிக்குக் கடன் கொடுக்க ஆள் இல்லை. வெளியூர் நிகழ்ச்சியில் "பேஸ் நாங்களே தருகிறோம்" என்று சொன்னால் வலது கை பேஸ்தான் காத்திருக்கும்; லெஃப்டி வேண்டும் என்பதை எழுத்தில் கொடுங்கள். இரண்டாவது பேஸ் இல்லாதவர் பையில் இருக்க வேண்டியவை: ஒரு முழு ஸ்ட்ரிங் செட், கட்டர், ஆலன் கீ, ஆக்டிவ் பேஸ் என்றால் 9 வோல்ட் பேட்டரி இரண்டு, ஒரு உதிரி ஜாக். ஆக்டிவ் பேஸில் கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும், இடைவேளையில் பிடுங்கிவிடுங்கள்.

கடினப் பெட்டி வாங்கும்போது செவ்வக வடிவமே எடுங்கள். வலது கை வடிவத்துக்கு வார்த்த பெட்டியில் லெஃப்டியின் கொம்பு உட்காராது. அழுத்தி மூடினால் மூடி நெக்கைத் தள்ளும்.

இவ்வளவுக்கும் பிறகு மேடையிலேயே பேஸ் கைவிட்டால், அந்த இடத்தில் இருப்பது வலது கை பேஸ் மட்டும் என்றால், அதைத் தலைகீழாகப் பிடித்து மூல ஸ்வரங்களை மட்டும் வாசித்து அந்தப் பாட்டை முடிக்கலாம். ஈ கீழே, ஜி மேலே. ஃப்ரெட் எண் மாறாது. வாரத்துக்குப் பத்து நிமிடம், யாருடைய வலது கை பேஸிலாவது ஈ, ஏ ஸ்ட்ரிங்குகளில் முதல் ஐந்து ஃப்ரெட்டை இப்படிப் பழகி வையுங்கள். அலங்காரமெல்லாம் வேண்டாம், அந்த நேரத்தில் கீபோர்டுகாரரின் இடது கை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.